அத்தியாயம் 6: வைரம் பாய்ந்த மரத்தில் ஒரு சிறு மேசை

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது ஒரு காபி மேசை. நீளம் 600 மி.மீ., அகலம் 450 மி.மீ., உயரம் 450 மி.மீ. சோபாவுக்கு முன்னால் போடலாம், கட்டிலுக்குப் பக்கத்திலும் வைக்கலாம். நான்கு கால், நான்கு சட்டம், ஒரு மேற்பலகை, அவ்வளவுதான் முக்கிய உறுப்புகள். ஆணி கிடையாது, திருகாணி ஆறு போதும். தேக்கில் செய்தால் எடை ஏறக்குறைய ஏழு கிலோ வரும். பலகைகளை அறையில் ஓயவிடும் நாட்கள் போக, வார இறுதிகளில் மட்டும் வேலை செய்கிறவர்கள் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

அளவு சிறியது என்றாலும் பெரிய சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய பாடம் முழுவதும் இதில் இருக்கிறது. பலகைகளை ஒட்டி அகலமாக்குவது, துளையும் அதற்குள் நுழையும் கழுந்துமாகக் காலையும் சட்டத்தையும் பிணைப்பது, மேற்பலகையை விரிசல் விடாதபடி பொருத்துவது என்ற மூன்றையும் கற்றுவிட்டால் ஸ்டூல், பெஞ்சு, எழுதும் மேசை எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஊரின் காற்று

மரத்தை அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும், இறங்கினால் சுருங்கும். நீள வாக்கில் இந்த மாற்றம் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. மேசையின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

நம் ஊரான பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் மிதமாக இருப்பதால் மரத்துக்கு இங்கே தொல்லையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் முப்பது விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் மழைநாட்களின் காலைவேளையில் எண்பதைத் தாண்டி நிற்கும். வீட்டுக்குள் இருக்கும் பலகை இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மெதுவாக ஊசலாடுகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது தேக்குப் பலகை, வளையக் கோடுகளின் போக்கில், அகலத்தில் சுமார் 5.8 விழுக்காடு சுருங்கும். பலகையின் ஈரம் ஒரு விழுக்காடு மாறினால் அகலம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். கோடைக்கும் மழைக்கும் நடுவே பலகையின் ஈரம் நான்கு விழுக்காடு மாறினால், 450 மி.மீ. அகல மேற்பலகை மூன்றரை மி.மீ. அளவுக்கு விரிந்து சுருங்கும். அதைத் திருகாணியாலும் பசையாலும் சட்டத்தோடு இறுகக் கட்டிப்போட்டால், அடுத்த மார்ச்சில் நடுவே ஒரு விரிசல் ஓடும். தேக்கைவிட அதிகமாகச் சுருங்கும் மரங்களில் இன்னும் மோசம். நகரும் மரத்துக்கு நகர இடம் விட வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விதியை மனத்தில் வைப்பதானால் இதை வையுங்கள்.

எந்த மரம்?

பெங்களூரு மரவாடிகளில் மரங்களின் கன்னடப் பெயர்தான் புழக்கத்தில் இருக்கும். அதனால் இரண்டு பெயரையும் தருகிறேன்.

தேக்கு, கன்னடத்தில் தேக. முதல் மேசைக்கு இதுவே நல்ல மரம். சுருக்கம் குறைவு, உளிக்கு இணங்கும், கரையான் எளிதில் அண்டாது. வடகன்னட மாவட்டத்தின் தாண்டேலி அரசு மரக்கிடங்கு தேக்குக்குப் பெயர் பெற்றது. இன்று மரவாடியில் கிடைப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கத் தோட்டங்களில் வளர்ந்த இறக்குமதித் தேக்கு. வேகமாக வளர்ந்த இளம் மரமாக இருந்தால் வெளிறு, அதாவது ஓரத்து வெளுத்த பகுதி, அதிகமாக இருக்கும். பார்த்து எடுக்க வேண்டும்.

வேங்கை, கன்னடத்தில் ஹொன்னே. பொன்னும் செம்மையும் கலந்த நிறம், தேக்கைவிடக் கெட்டி. ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும் மரம் என்பதால் பூச்சு முழுமையாக இருக்க வேண்டும்.

கருமருது, கன்னடத்தில் மத்தி. கனமான, மிக உறுதியான மரம். உளியின் கூரைச் சீக்கிரம் மழுக்கும். உலரும்போது வெடிக்கும் குணமும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்தேக்கு, கன்னடத்தில் நந்தி. தேக்கின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு நல்ல மாற்று. நன்றாக உலர்ந்ததா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

பலா, கன்னடத்தில் ஹலசு. அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, காலப்போக்கில் தேன்பழுப்பாகும் அழகு இதற்கு உண்டு. சில பலகைகளில் நார் முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும், இழைக்கும்போது பிய்யும். கூரான அலகும் பொறுமையும் தேவை.

சில்வர் ஓக். குடகு, சிக்கமகளூரு காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் மரம். விலை குறைவு, நாரோட்டம் கண்ணுக்கு இனியது. பூச்சி துளைக்கும் என்பதால் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தியதையே வாங்குங்கள்.

ஈட்டி மரத்தைக் கன்னடத்தில் பீட்டே என்பார்கள். அது காட்டின் அரிய செல்வம். 2017 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் இருக்கிறது. பழகும் கைக்கு அந்த மரம் வேண்டாம்.

ஏப்ரல், மே மாதச் சூறைக்காற்றில் பெங்களூரு சாலைகளில் தூங்குமூஞ்சி மரங்கள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்து கிடந்தாலும் சாலை மரம் பொதுச்சொத்து. மாநகராட்சியின் அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக்கூட எடுக்கக்கூடாது. சொந்த மனையில் நிற்கும் மரத்தை வெட்டவும் 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். முறையாகக் கிடைத்தாலும், ஓர் அங்குலப் பலகை நிழலில் உலர ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும்.

இடித்த வீடுகளின் கதவு நிலை, உத்தரம், ஜன்னல் சட்டங்களும் நல்ல வழி. பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் அது. பழைய ஆணிகளைக் காந்தத்தால் தேடி எடுத்துவிட்டுத்தான் இழைப்புளியை வைக்க வேண்டும்.

எந்த மரம் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேட்கலாம். 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1988-இல் இன்றைய பெயரைப் பெற்ற மத்திய அரசு நிறுவனம் அது. மரத்தை இனம் காண்பது, ஈரத்தைச் சோதிப்பது போன்ற சேவைகளும் மரவேலைப் பயிற்சியும் அங்கே உண்டு. இப்படியொரு நிறுவனம் தங்கள் ஊரிலேயே இருப்பதைப் பெங்களூருவில் மரவேலை பழகுகிறவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மரவாடியில்

மைசூர் சாலையை ஒட்டிய டிம்பர் யார்டு லேஅவுட்டிலும் கலாசிபாளையத்திலும் மரக்கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் கூட்டம் சேருவதற்கு முன் போனால் பலகைகளைப் புரட்டிப் பார்க்க இடம் கொடுப்பார்கள். பெரிய ஒப்பந்தக்காரர்களுக்கு அறுத்தது போக மிஞ்சிய குட்டைத் துண்டுகள் தனியாக அடுக்கியிருக்கும். நம் மேசைக்கு இரண்டரை அடிக்கு மேல் நீளமே தேவையில்லை என்பதால், அந்த அடுக்கை முதலில் பாருங்கள். முழுநீளப் பலகையைவிட மலிவாகக் கிடைக்கும்.

விலை கன அடிக் கணக்கில், கடைக்காரர் மொழியில் சிஎஃப்டி. தடிமனையும் அகலத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 1 அங்குலத் தடிமன், 5 அங்குல அகலம், 6 அடி நீளமுள்ள பலகை 30 வகுத்தல் 144, அதாவது 0.21 கன அடி. நம் மேசைக்குக் கழிவோடு சேர்த்து 0.8 கன அடி வாங்கினால் போதும். கணக்கை நீங்களே போட்டுவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

ஒவ்வொரு பலகையிலும் பார்க்க வேண்டியவை:

வெளிறும் வைரமும். ஓரத்திலுள்ள வெளுத்த பகுதி வெளிறு. நடுவிலுள்ள ஆழ்ந்த நிறப் பகுதி வைரம். பூச்சி முதலில் வெளிறைத்தான் தின்னும். விலையும் வைரத்துக்கே கொடுக்கிறோம்.

வெட்டுமுகம். பலகையின் தலைப்பக்கத்தில் வளையக் கோடுகள் நிமிர்ந்து நின்றால், அந்தப் பலகை படுத்த கோடுகள் உள்ள பலகையைவிட ஏறக்குறைய பாதி அளவே சுருங்கும். மேற்பலகைக்கு அப்படிப்பட்டவற்றைத் தேடுங்கள். மரத்தின் நடுத்தண்டு தெரியும் பலகை கட்டாயம் வெடிக்கும், வேண்டாம்.

முறுக்கு. பலகையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். வளைவை இழைத்துச் சரிசெய்யலாம். முறுக்கை எடுப்பதற்குள் பலகையின் தடிமன் போய்விடும்.

ஈரம். ஈரமானி வைத்திருந்தால் பலகையின் நடுப்பகுதியில் குத்திப் பாருங்கள். தலைப்பக்கம் எப்போதும் உலர்ந்தே இருக்கும். 12 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் வாங்கலாம். 18, 20 காட்டினால் அந்தப் பலகை இந்த மேசைக்கு ஆகாது.

பில் கேட்டு வாங்குங்கள். எங்கிருந்து வந்த மரம் என்பதற்கு அதுவே சான்று.

பெரும்பாலான மரவாடிகளில் அல்லது பக்கத்திலேயே பிளேனிங் மெஷின் இருக்கும். வீட்டில் இயந்திரம் இல்லாதவர்கள் அங்கேயே நான்கு பக்கமும் ஓட்டி வாங்கலாம். ஆனால் கடைசி அளவுக்கு ஓட்டிவிடாதீர்கள். 20 மி.மீ. வேண்டிய இடத்தில் 23 மி.மீ. இருக்கட்டும்.

பலகைக்கு ஓய்வு

வாங்கிய பலகைகளை மேசை இருக்கப்போகும் அறையிலேயே, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே கனமுள்ள சிறு குச்சிகள் வைத்து அடுக்குங்கள். எல்லாப் பக்கமும் காற்றுப் பட வேண்டும். ஒரு பலகையைத் தேர்ந்து சமையலறைத் தராசில் எடைபோட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை மாறாமல் நின்றால் பலகை அறையின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்து எடைபோட்டு, 100 டிகிரியைச் சற்றே தாண்டிய சூட்டில் ஓவனில் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 112 கிராம் இருந்தது 100 கிராம் ஆனால், போன 12 கிராமை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரம் 12 விழுக்காடு.

இடமும் கருவியும்

பெங்களூருவில் வீட்டுப் பட்டறை என்பது பெரும்பாலும் பால்கனி, மொட்டைமாடி அறை அல்லது தரைத்தளக் கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலை. ஆறடிக்கு நான்கடி இடம் இந்த மேசைக்குப் போதும். அடுக்குமாடியில் துளையிடும், அறுக்கும் நேரத்துக்குச் சங்க விதிகள் இருக்கும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உளி அடிக்கும் பெஞ்சின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரித்தால் கீழ்வீட்டுக்குச் சத்தம் அதிகம் போகாது.

கைக்கருவிகள்: பல் நெருக்கமான ரம்பம் ஒன்று, இழைப்புளி ஒன்று, 6, 12, 25 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், மார்க்கிங் கேஜ், எஃகு அளவுகோல், கூரான குறிகத்தி, சாணைக்கல், நான்கு நீளக் கிளாம்ப். மின்கருவிகளில் ஒரு கை டிரில் போதும். எஸ்.ஜே.பி. ரோடு கடைகளில் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். நீளக் கிளாம்புக்குப் பணம் கூடிவரவில்லை என்றால், பலகைகளின் இரு புறமும் தடுப்புக் கட்டை அறைந்து எதிரெதிர் ஆப்பு அடித்து இறுக்கலாம். ஆசாரிமார் காலங்காலமாகச் செய்துவரும் முறை அது.

பணத்தைக் கருவிகளின் எண்ணிக்கையில் போடாமல் கூரில் போடுங்கள். உளியையும் இழைப்புளி அலகையும் 25 டிகிரிச் சரிவில் தீட்டி, நுனியில் மட்டும் 30 டிகிரியில் இரண்டு இழுப்பு கொடுங்கள். பின்பக்கம் கண்ணாடிபோல் தட்டையாக இருக்க வேண்டும். மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவினால் பொடியாக உதிராமல் சுருளாக வர வேண்டும். அதுதான் கூருக்குச் சோதனை. அக்கம்பக்கத்தில் அனுபவமுள்ள ஆசாரி யாராவது இருந்தால் தீட்டும் வேலையை ஒருநாள் அருகில் நின்று பாருங்கள். நூல்கள் சொல்லாத கைவாகு அங்கேதான் கிடைக்கும்.

மரத்தூளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உப்புத்தாள் போடும்போது என்-95 முகமூடி கட்டாயம். கண்ணாடியும் அணியுங்கள்.

அளவுப் பட்டியல்

இவை இழைத்து முடித்த அளவுகள், மி.மீ. கணக்கில்.

மேற்பலகை: 4 பலகை, ஒவ்வொன்றும் 600 × 112.5 × 20
கால்: 4, ஒவ்வொன்றும் 430 × 45 × 45
நீளச் சட்டம்: 2, ஒவ்வொன்றும் 498 × 75 × 20
குறுஞ்சட்டம்: 2, ஒவ்வொன்றும் 348 × 75 × 20
பிடிகட்டை (மேற்பலகையைச் சட்டத்தோடு பிடிப்பது): 6, ஒவ்வொன்றும் 40 × 30 × 18, மிச்சத் துண்டுகளிலிருந்து

சட்டங்களின் நீளத்தில் இரு முனையிலும் உள்ள 24 மி.மீ. கழுந்தும் அடக்கம். மேற்பலகை சட்டகத்தைவிட நான்கு புறமும் 30 மி.மீ. வெளியே நீளும்.

செய்முறை

1. மேற்பலகை. நான்கு பலகைகளையும் தரையில் பரப்பி, நாரோட்டம் ஒன்றோடொன்று இணையும்படி மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இந்த வேலைக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கலாம். மேசையின் முகம் இங்கேதான் தீர்மானமாகிறது. நாரின் போக்கு எல்லாப் பலகையிலும் ஒரே திசையில் இருந்தால் பின்னர் இழைப்பது சுலபம். வரிசை முடிவானதும் நான்கின் குறுக்காகப் பென்சிலால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்துவிடுங்கள். பலகை இடம் மாறினால் அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்தடுத்த இரு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, இரு விளிம்பையும் சேர்த்து ஒரே நேரத்தில் இழையுங்கள். மூலை மட்டத்தில் சிறு பிழை இருந்தாலும் விரிக்கும்போது ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இணைப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவக்கூடாது.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்னர் விளிம்பைப் புதிதாகச் சீவித் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பிறகு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை விளிம்பு முழுவதும் மெல்லியதாகத் தடவிக் கிளாம்ப் போடுங்கள். பத்து நிமிடத்துக்குள் இறுக்கி முடிக்க வேண்டும் என்பதால், பசையில்லாமல் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது. கிளாம்புகளை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றிப் போட்டால் பலகை வளையாது. ஒருநாள் விட்டுவிடுங்கள்.

2. கால்கள். ஒவ்வொரு காலிலும் நேரான ஒரு முகத்தையும், அதற்குச் செங்கோணமாக அடுத்த முகத்தையும் முதலில் சரிசெய்து குறியிடுங்கள். அளவு எல்லாம் அந்த இரண்டு முகங்களிலிருந்தே எடுக்க வேண்டும். காலை மேல்முனையில் 25 மி.மீ. கூடுதலாக விட்டு அறுங்கள். துளையிடும்போது முனை பிளக்காமல் அந்த மிச்சம் காக்கும். வேலை முடிந்ததும் அறுத்துவிடலாம்.

3. துளைகள். சட்டத்தின் வெளிமுகம் காலின் வெளிமுகத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே அமையும், இரண்டும் ஒரே மட்டத்தில் வைப்பதைவிட இது கண்ணுக்கும் நல்லது, சிறு பிழையும் தெரியாது. துளையின் அகலம் 6 மி.மீ., நீளம் 55 மி.மீ., ஆழம் 25 மி.மீ. காலின் வெளிமுகத்திலிருந்து 13 மி.மீ. தள்ளித் தொடங்க வேண்டும். கூடுதலாக விட்ட மிச்சம் போக, மேல்முனைக்கும் துளைக்கும் நடுவே 12 மி.மீ. கெட்டி மரம் நிற்கட்டும். இந்த அளவில் அடுத்தடுத்த முகங்களிலிருந்து வரும் இரண்டு துளைகளும் காலுக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாது.

5 மி.மீ. டிரில்லால் வரிசையாகத் துளையிட்டு, மிச்சத்தை உளியால் எடுங்கள். ஆழம் தவறாமல் இருக்க டிரில் பிட்டில் ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளலாம். துளையின் இரு பக்கச் சுவர்களும் செங்குத்தாக நிற்க வேண்டும். உறுதியெல்லாம் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது.

4. கழுந்துகள். துளையை முதலில் செய்து, அதற்கு ஏற்றபடி கழுந்தைச் செதுக்குவதே முறை. கழுந்து தொடங்கும் தோளின் கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் நான்கு பக்கமும் கீறுங்கள். ரம்பம் அந்தக் கீறலில் உட்கார்ந்து நேராக ஓடும். கழுந்து 6 மி.மீ. தடிமன், 55 மி.மீ. அகலம், 24 மி.மீ. நீளம். கோட்டுக்கு வெளியே அறுத்து, கூரான உளியால் சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்திப் பாருங்கள். கைப்பலத்தால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. கொட்டாப்புளியால் அடித்து ஏற்றும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் கால் பிளக்கும்.

எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று இரண்டிலும் ஒரே எண்ணை எழுதி வையுங்கள்.

5. காடிகள். மேற்பலகையைப் பிடிக்கும் பிடிகட்டைகளுக்காகச் சட்டங்களின் உள்முகத்தில், மேல் விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே, 6 மி.மீ. அகலமும் 8 மி.மீ. ஆழமும் உள்ள காடி வெட்ட வேண்டும். நீளச் சட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில், 50 மி.மீ. நீளத்துக்கு. குறுஞ்சட்டத்தில் நட்டநடுவே ஒன்று மட்டும், பிடிகட்டையின் அகலமான 30 மி.மீ.க்கு மிகச் சரியாக. மேற்பலகையின் நடுக்கோடு அந்த இரண்டு இடத்தில் நிலைத்து நிற்கும். விரிவும் சுருக்கமும் இரு புறமும் சமமாகப் பிரியும்.

6. கால் கூம்பு. விருப்பமானால் காலின் உள்முகம் இரண்டையும் சட்டத்துக்குக் கீழே 20 மி.மீ. விட்டுத் தொடங்கி, அடியில் 28 மி.மீ. வரும்படி சரித்து இழைக்கலாம். மேசையின் தோற்றம் சட்டென்று இலேசாகிவிடும். வெளிமுகங்களைத் தொடாதீர்கள்.

7. சட்டகம் கூட்டுதல். முதலில் இரண்டு கால், ஒரு குறுஞ்சட்டம் என்று இரு பக்கங்களைத் தனித்தனியே ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் நீளச் சட்டங்களால் இணையுங்கள். பசையைத் துளையின் சுவர்களில் தடவுங்கள், தோளில் வேண்டாம். கிளாம்ப் போட்டதும் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் சட்டகத்தின் மூலைகள் செங்கோணம். வேறுபட்டால் கிளாம்பைச் சற்றே சாய்த்து இழுத்தால் சரியாகிவிடும். பசை காய்ந்துவிட்டால் திருத்த வழியில்லை.

8. மட்டம். மேற்பலகையைக் குறுக்காகவும் பின் நீளமாகவும் இழைத்து, நேரான கோலை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். கால்கள் ஆடாமல் நிற்கின்றனவா என்று சோதிக்க, நம் சமையல் மேடைகளில் போடும் கிரானைட்டைவிட மட்டமான பரப்பு வீட்டில் வேறில்லை. கல்கடையில் ஒரு மிச்சத் துண்டு வாங்கி வைத்தால் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கவும், அலகின் பின்பக்கம் தட்டையாக்கவும் வாழ்நாள் முழுக்க உதவும்.

9. பிடிகட்டைகள். ஒவ்வொன்றின் முனையிலும் காடிக்குள் நுழையும் ஒரு நாக்கு வெட்டுங்கள். நாக்கின் நீளம் 7 மி.மீ. நார் நாக்கின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நாக்கு முறியும். மேற்பலகையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சட்டகத்தைக் கவிழ்த்து நடுவாக்குங்கள். நாக்கைக் காடியில் செருகி, முன்துளையிட்டு, 30 மி.மீ. திருகாணியால் மேற்பலகையில் பொருத்துங்கள். 20 மி.மீ. பலகையில் 12 மி.மீ. மட்டுமே திருகாணி இறங்கும்.

நீளச் சட்டத்துப் பிடிகட்டைகளில் பருவத்தைப் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் செய்தால் மேற்பலகை சுருங்கிய நிலையில் இருக்கிறது, மழைக்கு விரியும். ஆகவே பிடிகட்டையின் தோளுக்கும் சட்டத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் செய்தால் பலகை விரிந்த நிலையில் இருக்கிறது. இனி சுருங்கத்தான் போகிறது. அப்போது 1 மி.மீ. இடைவெளி போதும். மேற்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சொட்டுப் பசைகூடப் படக்கூடாது.

பூச்சு

120, 180, 240 என்று படிப்படியாக உப்புத்தாள் போடுங்கள், எப்போதும் நாரின் திசையில். 180-க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார்முனைகள் எழும்பும். காய்ந்ததும் 240-ஆல் தேய்த்துவிட்டால் பிறகு எழாது.

சுடரிலும் வழுவழுப்பிலும் அரக்கை மிஞ்ச வேறொன்று இல்லை. பெங்களூருவிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள சென்னபட்டணத்தின் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகள் அதற்குச் சாட்சி. வெப்பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, வண்ண அரக்கை அதன்மேல் உருக்கிப் பூசுகிறார்கள். ஆனால் நம்முடையது காபி மேசை. சூடான டபராவை வைத்தால் அரக்குப் பூச்சு இளகி வெள்ளை வளையம் விழும். மழைநாளில் பூசினால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போகும். அரக்கைக் கால்களுக்கும் சட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, மேற்பலகைக்கு வேறு பூச்சு தேர்வதே சரி.

வார்னிஷ், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் சம அளவில் கலந்து துணியால் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒருநாள் இடைவெளியில் நான்கு முறை. மழைக்காலத்தில் இரண்டுநாள் இடைவெளி கொடுங்கள். மேற்பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச வேண்டும். மேலே மட்டும் பூசினால் ஈரம் அடிவழியே ஏறியிறங்கிப் பலகை வளையும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அது காயும்போது உண்டாகும் சூட்டால் தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகே எறியுங்கள்.

முதல் ஆண்டு

மேசையை நேரடி வெயில் விழும் ஜன்னலிலிருந்தும் ஏசி காற்று நேராக வீசும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் மேற்பலகையின் அகலத்தை அளந்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் தேதியோடு எழுதுங்கள். உங்கள் வீட்டில் உங்கள் மரம் எவ்வளவு நகர்கிறது என்ற கணக்கு அதில் கிடைக்கும். அடுத்த மேசையை வடிவமைக்க எந்த நூலையும்விட அது உதவும். பிடிகட்டைத் திருகாணிகளை அப்போதே ஒருமுறை சரிபாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே எண்ணெய்க் கலவையை மெலிதாகத் தடவினால் மேற்பலகை புதுசாகவே இருக்கும்.

வேகமாக இடித்துக் கட்டும் நகரம் இது. சில ஆண்டுகளில் ஊறி உப்பிக் குப்பைக்குப் போகும் அட்டைப் பலகை மேசைகளை வாங்கி வாங்கி எறிகிறோம். ஒரு மரம் வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து நாம் செய்யும் பொருள் குறைந்தது அவ்வளவு காலமாவது உழைக்க வேண்டும். இந்த முறையில் செய்த மேசை உழைக்கும். வரும் ஜனவரியில் பலகை வாங்கி அடுக்குங்கள்; மரம் காற்றோடு சமநிலைக்கு வரும்வரை உளியைத் தீட்டிப் பழகுங்கள்.